கல்யாணத்துக்கு வீடு பார்க்க வந்தவர்கள்

டீக்கடையில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதைக் கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன். என் தப்பு அவ்வளவுதான்.

"அண்ணே, இங்குட்டு ஐ.பி. போட்டுக் குடுக்கிற வக்கீல் யாருண்ணே?"

ஐ.பி. என்றால் காரைக்குடியில் எல்லோருக்கும் தெரியும். வாங்கிய கடனைக் கட்ட வழியில்லை, நான் திவால் என்று கோர்ட்டில் மனுப் போடுவது. மனுப் போட்டதும் கடன் கொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் மஞ்சள் நோட்டீஸ் வரும். அதோடு கொடுத்ததை மறந்துவிட வேண்டியதுதான்.

வடை போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலு பேரும் பேப்பரை இறக்கினார்கள். கடைக்காரர் என் கையிலிருந்த கிளாஸை மெதுவாக வாங்கிக்கொண்டார். அதில் இன்னும் பாதி டீ இருந்தது.

இது நடந்தது காலை ஏழு மணிக்கு. ஒன்பது மணிக்கு எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் பதினான்கு பேர் நின்றார்கள். அரிசிக்கடை பெத்தன், வாடகை சைக்கிள் கடைக்காரர், சலவைக்காரர், நான் சட்டை எடுத்த ஜவுளிக்கடைக்காரர், அதைத் தைத்த தையல்காரர். எனக்கு இத்தனை பேர் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. நம்மை நம்பவும் ஆள் இருந்திருக்கிறதே என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

"மானமுள்ளவன் ஐ.பி. போடுவானாடா?" என்று படியில் நின்று கத்தினார் ஜவுளிக்கடைக்காரர். "நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாக மாட்டான்?"

உள்ளே என் முதலாளி அருள்பிரகாசம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ரயில்வே தபால் பிரிவில் பதினெட்டு வருஷம் கடிதம் பிரித்துவிட்டு, அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்தவர். முகத்தை மறந்தாலும் விலாசத்தை மறக்க மாட்டார். நான் இராமு, அவருடைய உதவியாளன். என்னை எதற்காக வைத்திருக்கிறார் என்று இருவருமே அவ்வப்போது யோசிப்போம்.

"ரகசியமா விசாரின்னுதானே சொன்னேன்?" என்றார்.

"ரகசியமாத்தான் சார் கேட்டேன். கடைக்காரருக்குக் காது மந்தம்."

"வடை போடுறவருக்கு?"

"அவருக்கு நல்லாவே கேட்டுச்சு சார்."

மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாச்சியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பது வயது இருக்கும். குன்றக்குடிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். கழுத்தில் மஞ்சள் கயிறு. அந்தக் கயிற்றுக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. அதற்காகத்தான் முந்தின நாள் சாயங்காலம் எங்களைத் தேடி வந்திருந்தாள்.

அவள் கணவன் உடையப்பன் ஊரில் உரக்கடை வைத்திருந்தான். பதினைந்து நாளைக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் ஆளைக் காணவில்லை. சட்டையும் செருப்பும் ஊருணிக் கரையில் கிடந்தன. ரெண்டு நாள் வலை போட்டுத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. 'தண்ணி இழுத்துருச்சு, தம்பி போயிட்டான்' என்று அவன் அண்ணன் முத்துக்கருப்பன் முடிவு கட்டிவிட்டான். உடல் இல்லாவிட்டால் என்ன, பதினாறாம் நாள் கருமாதி, நாச்சியாருக்குத் தாலி இறக்குவது என்று பந்தலும் போட்டாயிற்று. பதினாறாம் நாள், நாளைக்கு.

"எனக்கு மனசு ஒப்பலங்க," என்று முந்தின நாள் வந்தபோதே சொன்னாள் நாச்சியார். "பல்லுப்பொடி டப்பாவக் காணோம். சாகப் போறவுக பல்லுப்பொடியவா எடுத்துக்கிட்டுப் போவாக?"

நாற்காலியை விட்டு எழுந்திருக்காத என் முதலாளி அந்தப் பேச்சைக் கேட்டு எழுந்து நின்றார். எனக்கு அவர் அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை.

அவள் மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. காணாமல் போவதற்கு முன்னால் உடையப்பன் பத்து நாளாக அதில் விலாசம் விலாசமாக எழுதிக்கொண்டிருந்தானாம். கேட்டவர்களிடமெல்லாம் 'கல்யாணப் பத்திரிகை அனுப்பணும்' என்றானாம். அவர்களுக்கு ஒரே மகள். வயது ஆறு.

என் முதலாளி நோட்டைப் புரட்டினார். இருபத்திமூன்று பேர். ஒவ்வொருவருக்கும் தகப்பனார் பெயர், கதவு எண், தெரு, தபால் ஆபீஸ்.

"உங்க கூடப் பொறந்தவுக யாரு?"

"ரெண்டு அண்ணன் இருக்காக."

"அவங்க பேரு இதுல இல்லை. பிள்ளையோட தாய்மாமனை விட்டுட்டு இந்த ஜில்லாவுல எவனும் கல்யாணத்துக்கு லிஸ்ட் எழுத மாட்டான். இவங்க எல்லாம் கடன் குடுத்தவங்களா?"

நாச்சியார் பேர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். தலையை ஆட்டினாள். அத்தனை பேரும் கடன் கொடுத்தவர்கள்.

"இது ஐ.பி. லிஸ்ட்," என்றார் அவர். "கடன் குடுத்தவன் ஒவ்வொருத்தனோட முழு விலாசமும் இல்லேன்னா கோர்ட்டுல மனுவைத் திருப்பிருவாங்க. ஆக இவரு ஒரு வக்கீலைப் பார்த்திருக்காரு. மதராஸ் வக்கீல், கோயமுத்தூர் வக்கீல் எல்லாம் இதுக்கு ஆகாது. குடியிருக்கிற ஊரு எந்தக் கோர்ட்டைச் சேர்ந்ததோ அங்கதான் போடணும். வக்கீல் இங்குட்டுத்தான் பக்கத்துல இருக்கணும். இராமு, வக்கீலைக் கண்டுபிடி, ஆளு கிடைப்பான்."

அதைக் கண்டுபிடிக்கப் போய்த்தான் பாதி டீயோடு திரும்பி வந்தேன்.

இப்போது அவர் எழுந்து மாடிப்படிக்குப் போனார். "உங்கள்ல யாருக்காவது முன்னாடி மஞ்ச நோட்டீஸ் வந்திருக்கா? போட்ட வக்கீல் பேரு அதுல இருக்கும்."

படியில் சத்தம் நின்றது. ஏமாற்றியவனுக்கு வெட்கம் இருக்கிறதோ இல்லையோ, ஏமாந்தவனுக்கு நிறைய இருந்தது.

"நமக்கெல்லாம் வந்ததில்ல," என்றார் சைக்கிள் கடைக்காரர். "மதுரைப் பக்கம் அதிகம்னு சொல்லுவாக."

"திருச்சியில எதுக்கும் விசாரிச்சுப் பாருங்க," என்றார் தையல்காரர்.

"அந்த மாதிரி வக்கீல் நம்ம பக்கம் கிடையவே கிடையாது," என்று அடித்துச் சொன்னார் ஜவுளிக்கடைக்காரர்.

வக்கீலைத் தெரியும் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று அடுத்தவன் கேட்பான். அந்தப் பயத்தில் பதினான்கு பேரும் அந்த வக்கீலை அடுத்த ஜில்லாவுக்குத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

அரிசிக்கடை பெத்தன் மட்டும் துணிப்பைக்குள் கையை விட்டு, மடித்த மஞ்சள் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். கூடவே ஒரு கார்டும் வந்தது. ஓரத்தில் கறுப்புக் கட்டம்.

"இது போன வருசம் ஒருத்தன் எனக்குக் குடுத்த நோட்டீசு. அது இன்னைக்குக் காலைத் தபால்ல வந்துச்சு. உரக்கடை உடையப்பன் கருமாதி," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு மூட்டை அரிசிக்காசு அவன்கிட்ட நிக்குது. அது செத்துப்போச்சு. இப்ப நீயும் கிளம்பிட்ட."

என் முதலாளி மஞ்சள் நோட்டீசைப் பார்த்தார். கார்டின் விலாசத்தைப் பார்த்தார். மறுபடி நோட்டீசைப் பார்த்தார். கார்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல." உள்ளே திரும்பினார். "நாச்சியார், கருமாதிக் கார்டுக்கு விலாசம் எழுதினது யாரு?"

"தெரியலீக. அவுக அண்ணன் அச்சடிச்சாக. ஆனா அவருக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும்."

அவர் மஞ்சள் நோட்டீசை என்னிடம் நீட்டினார். நோட்டீசில் இருந்த பெயர்: வக்கீல் சேதுபதி, பி.ஏ., பி.எல்., கண்டனூர். தெருவும் கதவு எண்ணும் இருந்தன.

கடன்காரர்களுக்கு நடுவே படியிறங்கியபோது நான் ஐ.பி. போடப் போகவில்லை என்று சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்யத்தான் அவர்களுக்குச் சந்தேகம் பலத்தது.

கண்டனூர் பஸ்ஸில் நாச்சியாரும் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"இருக்காகளா இல்லையான்னு எனக்குத் தெரியணும்," என்றாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இருக்காகன்னு தெரிஞ்சா, இந்தக் கயித்த எவ தொடுறான்னு பாத்துருவேன்."

வழியெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ரெண்டு ஜோக் சொன்னேன். பின் சீட்டுக்காரர் சிரித்தார்.

கண்டனூரில் விலாசத்துக்குரிய வீடு தெருவின் பாதி நீளத்துக்கு நின்றது. முகப்பில் ஆள் உயரத்துக்குத் தேக்குக் கதவு. அதில் என் தலை அளவுக்கு ஒரு பூட்டு. பூட்டின் மேல் குருவி எச்சம் காய்ந்து கிடந்தது. எதிரே வெற்றிலைபாக்குக் கடை.

"வக்கீல் சேதுபதி வீடு இதுதானா அண்ணே?"

"வக்கீலா? இங்க ஏது வக்கீல்?" கடைக்காரர் பாக்கை வெட்டிக்கொண்டே சொன்னார். "அது ஆச்சி வீடு. அவுக எல்லாம் மதராஸ்ல இருக்காக. கல்யாணம் காட்சின்னாத்தான் தொறப்பாக."

"கடைசியா எப்பத் தொறந்தாக?"

"அப்பப்ப."

"அப்பப்பன்னா?"

"விசேஷம் வரும்போது."

இந்த மாதிரி ஆளிடம் மணி கேட்டால் 'வெயில் ஏறிருச்சு' என்பார். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். அப்போது ஒரு பெண் இடுப்பில் ஒரு பால் செம்பும் கையில் ஒரு தூக்குவாளியுமாக எங்களைத் தாண்டிச் சந்துக்குள் திரும்பினாள்.

"பால் யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"பூனைக்கு."

வெற்றிலைக் கடைக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். நான் அத்தோடு விட்டிருப்பேன். என் முதலாளி ஓர் அடி முன்னால் போய் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"இன்னைக்கு எத்தனை பூனை ஆத்தா?"

"பதினொண்ணு," என்றாள் அவள், யோசிக்காமல். "கோர்ட்டு லீவுன்னா இருபதுகூட வரும். ஆளுக்கு ரெண்டு காப்பி." சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செட்டிநாட்டு வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருந்தால் கொல்லைக் கதவு அடுத்த தெருவில் இருக்கும். முன்வாசலில் பூட்டுத் தொங்க, வக்கீல் பின்கட்டை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார். சமையல் பாத்திரங்களும் விறகும் போகிற வாசல் வழியாகத்தான் ஜில்லாவின் பெரிய மனிதர்கள் திவாலாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பால்காரி பெயர் அக்கம்மாள். நாச்சியாரைக் கொல்லைத் தெருவில் அவளுடன் நிறுத்திவிட்டு நாங்கள் கதவைத் தட்டினோம். தட்டுவதற்கு முன் என் முதலாளி என் காதில் ரெண்டு நிமிஷம் பேசினார். நான் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று.

கதவு நாலு விரல் திறந்தது. "என்ன விசேஷம்?"

"கல்யாணத்துக்கு வீடு பார்க்க வந்தோம்," என்றேன்.

"லிஸ்ட் எழுதியாச்சா?"

"இல்லை."

"உள்ள போயி எழுதிக்கிடுங்க. எழுத்துக்கூலி ஒரு ரூவா. முன்னாடியே வச்சிரணும்." கதவு முழுசாகத் திறந்தது. ஐ.பி. போடுகிறவனை ஐ.பி. வக்கீல் கடனுக்கு நம்புவதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

உள்ளே வியர்வையும் ஆறின காப்பியும் வெற்றிலை எச்சிலும் கலந்த வாடை. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றித் தூணுக்கு ஒருவராகப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தூணைப் பார்த்துத் திரும்பி. நாங்கள் நுழைந்ததும் பதினோரு துண்டுகள் பதினோரு தலைகளுக்கு ஏறின. சலவை வேட்டி, தங்கப் பல், கைக்கடிகாரம். ஒருவர் மடியில் இருந்த மஞ்சள் பைக்குள் என்னவோ கனமாக இருந்தது. அதை நாங்கள் பார்த்ததும் தொடைக்கடியில் தள்ளினார். கட்ட வழியில்லாதவர் யாரும் அங்கே எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக் காற்றை இழுக்கவே எனக்குக் கூசியது.

ஐந்தாவது தூணில் துண்டுக்கடியில் இருந்த கழுத்து எனக்குத் தெரிந்த கழுத்து.

"வணக்கம்ணே," என்றேன்.

ஜவுளிக்கடைக்காரர் மெல்லத் திரும்பினார். எங்களுக்கு முன்னாலேயே கார் வைத்து வந்துவிட்டார் போலிருக்கிறது.

"கல்யாணத்துக்கு வீடு பார்க்க வந்தேன்," என்றார்.

"மகளுக்குப் போன மாசந்தானேண்ணே முடிஞ்சுச்சு?"

"இது அடுத்ததுக்கு."

"அடுத்தது யாரு?"

"பொறக்கும்," என்று சொல்லிவிட்டுத் தூணுக்குத் திரும்பிக்கொண்டார்.

காலையில் என் நாக்கைப் பிடுங்கச் சொன்னவர். அவரிடம் எனக்கிருந்த கடன் பதினெட்டு ரூபாய். அவர் எத்தனை பேருக்குப் பாக்கியோ.

வளவின் கோடியில் சின்னச் சாய்வு மேஜை போட்டு, மொட்டைத் தலையும் மழித்த முகமுமாய், மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் தாள்களோடு உட்கார்ந்திருந்தார். நான் ரூபாயை வைத்தேன். தலையை நிமிர்த்தாமலே பேனாவை மையில் தொட்டார்.

"கடன் குடுத்தவுக பேரு?"

"பெத்தன். காரைக்குடி, அரிசிக்கடை."

"தகப்பனார் பேரு? கதவு எண்?"

நான் சொல்லச் சொல்ல எழுதினார். அழகான கையெழுத்து. சைக்கிள் கடைக்காரரைச் சொன்னேன், சலவைக்காரரைச் சொன்னேன். நாலாவது பெயருக்கு என் முதலாளி லேசாகக் கையைத் தூக்கினார்.

"நாச்சியார்," என்றேன்.

பேனா ஒரு கணம் நின்றது. ஊரில் எத்தனையோ நாச்சியார். மறுபடி நகர்ந்தது.

"கணவர் பேரு?"

"உடையப்பன். உரக்கடை." ஊரையும் சொன்னேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

கை தன் பழக்கத்துக்கு எழுதிக்கொண்டே போனது. பெயர், க/பெ. உடையப்பன், கதவு எண் 3/41.

என் முதலாளி குனிந்து அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"மூணு பை நாப்பத்தொண்ணு. இவன் அதைச் சொல்லவே இல்லையே, உடையப்பன்."

மொட்டைத் தலையில் வியர்வை பொட்டுப் பொட்டாக வந்தது. கண்ணாடியைக் கழற்றினார். பவர் இல்லாத வெறும் கண்ணாடி. மேஜைக்கடியில் ஒரு பையிருந்தது. அதற்குள்ளிருந்து பல்லுப்பொடி டப்பா எட்டிப் பார்த்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான். ஆள் உயிரோடு இருக்கிறான், கேஸ் முடிந்தது. ஆனால் கொல்லைத் தெருவில் நாச்சியார் நின்றுகொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வக்கீல் சேதுபதி வந்தார். குளித்து, மூன்று பட்டை திருநீறு இட்டு, தும்பைப் பூவாய்ச் சட்டை. எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் கோபம் இல்லை. சிரிப்புதான் இருந்தது.

"உக்காருங்க. காப்பி சாப்பிடுறீகளா?"

"இவரு எதுக்கு இங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"இவருன்னு வேண்டாமே. ஒருத்தருன்னு வச்சுக்குவோம்," என்றார் வக்கீல். "ஒருத்தரு தன் நிலத்தை அண்ணன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டாருன்னு வச்சுக்குவோம். அண்ணனுக்கும் கடன் பாக்கின்னு காரணம் காட்டி, காணாமப் போறதுக்கு முந்தின நாள். மூணு மாசத்துக்குள்ள யாராவது கோர்ட்டுக்குப் போனா அந்தப் பத்திரம் நிக்காது. மூணு மாசம் தாண்டிட்டா நிலம் அண்ணனுக்கு. அதுக்கப்புறம் இவரு கையை விரிச்சு ஐ.பி. போட்டாலும் நிலத்தை யாரும் தொட முடியாது. ஆக மூணு மாசம் கடன்காரங்க சும்மா இருக்கணும். செத்தவன் மேல யாராவது கேஸ் போடுவாங்களா? சட்டம் அப்படி. நான் சட்டத்தைத்தான் சொல்றேன்."

"மூணு மாசம் கழிச்சு?"

"காசிக்குப் போயிருந்தேன்னு வந்து நிக்கலாம். செத்தவன் திரும்பி வந்தா ஊரு அழுது கட்டிப்புடிக்கும். கடன் வாங்கி ஓடினவன் திரும்பி வந்தாத்தான் செருப்பு." அவர் என் கையில் காப்பியைக் கொடுத்தார். நான் அதைப் பக்கத்துத் தொட்டிச் செடிக்கு ஊற்றினேன். அதுவரை என் கைக்கு வந்த டீயோ காப்பியோ நான் வீணாக்கினதாகச் சரித்திரமில்லை.

நான் உடையப்பன் பக்கம் திரும்பினேன்.

"நாளைக்கு உன் பொண்டாட்டிக்குத் தாலி இறக்கப் போறாக. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"வக்கீலய்யா சொன்னாக…" என்று ஆரம்பித்தான்.

"வக்கீல் சொன்னதைக் கேக்கல. தெரியுமா, தெரியாதா?"

"மூணு மாசந்தானேன்னு… திரும்பி வந்து மறுபடி கட்டிக்கலாம்னு அண்ணன்… பிள்ளைக்காகத்தான் அண்ணே, நிலம் போயிட்டா பிள்ளைக்கு என்ன இருக்கு…"

"தெரியுமா தெரியாதாய்யா?"

"அவ மனசு வருத்தப்படக் கூடாதுன்னுதான் அவகிட்ட சொல்லல."

"தெரிஞ்சும் தெரியாம இருக்கிற நிலைமைன்னு வச்சுக்குவோம்," என்றார் வக்கீல்.

என் முதலாளி சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கட்டம் போட்ட கார்டை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதிய தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பெத்தன், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு, தபால் ஆபீஸ். ரெண்டிலும் ஒரே வரிசை, ஒரே கையெழுத்து.

"பதினெட்டு வருஷம் தபால் பிரிச்சிருக்கேன்," என்றார். "துக்கத்துல இருக்கிறவங்க கார்டுல ஊர் பேரு எழுதினாலே பெரிசு. தகப்பன் பேரும் கதவு எண்ணும் போட்டு வந்த ஒரே கருமாதிக் கார்டு இதுதான். ஐ.பி. லிஸ்ட் எழுதிப் பழகின கைக்குத்தான் அது வரும். தன் கருமாதிக்குத் தானே விலாசம் எழுதின ஆளை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததில்லை. கீழே இருக்கு பாரு, 'வெள்ளிக்கிழமை, அன்னார் மனைவி நாச்சியாருக்குத் தாலி இறக்குதல்'. அதைப் பார்த்துக்கிட்டேதான் இருபத்திமூணு கார்டும் எழுதியிருக்கான்."

உடையப்பன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கைவிரலில் மை அப்பியிருந்தது. அவனைப் பார்த்துப் பரிதாபப்படலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். என் புத்தி அப்படி, யார் அழுதாலும் கைக்குட்டையைத் தேடும். அவன் அழவில்லை. மை காய்வதற்குள் எழுதிய தாளின் மேல் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினான். ஒரு ரூபாய் வேலை கெட்டுவிடக் கூடாதே.

"இருபத்திமூணு பேரும் நாளைக்கு அந்தப் பந்தலுக்கு வருவாங்க," என்றார் என் முதலாளி வக்கீலிடம். "இவரு உசுரோட இருக்காருன்னு நான் சொல்லிருவேன். உங்க மூணு மாசத்துல பதினஞ்சு நாள்தான் போயிருக்கு. கோர்ட்டுக்குப் போக அவங்களுக்கு நிறைய நாளிருக்கு."

வக்கீலின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. தூண்களுக்குப் பின்னால் துண்டுகள் சரிய ஆரம்பித்தன. ஜவுளிக்கடைக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

கதவருகில் அக்கம்மாள் நின்றிருந்தாள், காலி வாளியோடு. அவளுக்கு முன்னால் நாச்சியார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கார்டைப் பற்றிச் சொன்னபோதே இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் பார்வை அந்த மேஜையின் மேல் இருந்தது.

"ஏய், நாச்சியா," என்று எழுந்தான் உடையப்பன். "நான் சொல்றதக் கேளு. நம்ம பிள்ளைக்குத்தான்…"

அவள் அவனருகே போகவில்லை. மொட்டையையும் மழித்த மீசையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். தெருவில் யாரோ ஒருவரைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

என்ன சொல்வதென்று தெரியாத இடத்தில் நான் ஜோக் சொல்வேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பஸ்ஸில் அவள் சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது.

"ஆத்தா," என்றேன். "ஊருக்கு நான் முன்னாடி போறேன். பந்தலைப் பிரிக்கச் சொல்லிரட்டுமா? தாலி இறக்குறது இல்லேன்னு சொல்லிரலாமா? நேராச் சொல்லுங்க, அப்படியே செஞ்சிருவோம்."

வக்கீல் ஏதோ வச்சுக்குவோம் என்று தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டார்.

"வேணாம்," என்றாள் நாச்சியார். "நாளைக்கு இறக்கிருவேன். பதினஞ்சு நாளா எனக்கு மனசு வரல. இப்ப வந்திருச்சு."